வீட்டுக்கு வந்த நல்ல படங்கள்

(படிப்பகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து நேரே வந்தவர்களும், நாற்று நட்ட சேறு காலில் காயாமல் வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறேன். “உழைத்துக் களைத்தவனிடம் இவன் ஏன் சினிமாக் கதை அளக்கிறான்?” என்று சிலர் நினைக்கலாம். களைத்து வருகிறவனுக்குக் கிடைக்கும் பொழுது அந்த இரண்டு மணி நேரம்தான். அதை என்ன செய்வது என்பது சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் பேசுகிறேன்.

சினிமா நம் மக்களிடம் எப்படி வந்தது? திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். அது ஊமைப் படக் காலம். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு, கதையைத் தமிழில் உரக்கச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மணலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே படத்தை ரசித்தார்கள். இந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் திரும்ப வருகிறேன்.

உலகத்தில் நல்ல படங்கள் என்று போற்றப்படுபவற்றில் பல, நம்மைப் போன்றவர்களைப் பற்றியவை. ஆனால் அவை நம் டூரிங் டாக்கீஸ்களுக்கு வந்து சேர்வது அரிதாகவே இருந்தது. பட்டணத்துப் பிலிம் சங்கங்களில் படித்தவர்கள் பார்த்தார்கள், பாராட்டி எழுதினார்கள். யாருடைய கதையோ அவர்கள் மட்டும் பார்க்கவில்லை!

ஒரு படத்தைச் சொல்கிறேன். பெயர் “சைக்கிள் திருடர்கள்”. 1948-ல் இத்தாலியில் விட்டோரியோ டி சீக்கா எடுத்த படம். யுத்தம் முடிந்த ரோம் நகரம். எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சொந்தமாகச் சைக்கிள் இருந்தால்தான் வேலை. அவன் சைக்கிளோ அடகுக் கடையில் கிடக்கிறது. மனைவி மரியா, கட்டிலில் கிடந்த விரிப்புகளை உருவி, மூட்டை கட்டிக்கொண்டு போய் அடகு வைக்கிறாள். கடைக்காரன் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு உயர்ந்த அலமாரியில் ஏறுகிறான். அங்கே கூரை வரை அடுக்கடுக்காக விரிப்பு மூட்டைகள்! எத்தனை வீட்டுப் படுக்கைகள் அங்கே வந்து கிடக்கின்றன என்பதை ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. தாலியையும் அண்டாவையும் அடகு வைத்துப் பழகிய நமக்கு அதற்கு விளக்கவுரை வேண்டுமா?

வேலையின் முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. அப்பனும் சின்னப் பையன் புரூனோவும் நகரமெல்லாம் தேடி அலைகிறார்கள். முடிவை நான் சொல்லமாட்டேன். திருடன் என்று சொல்லாமல் “திருடர்கள்” என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பதைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் படத்துக்குப் பணம் போட முன்வந்த ஹாலிவுட் முதலாளி, காரி கிராண்ட் என்ற பெரிய நட்சத்திரம்தான் நடிக்க வேண்டும் என்றார். டி சீக்கா இணங்கவில்லை. லம்பெர்த்தோ மஜ்ஜோரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளியையே அந்தோனியோவாக நடிக்க வைத்தார். படம் உலகப் புகழ் பெற்றது. ஆலைக்குத் திரும்பிய மஜ்ஜோரானிக்கோ, பிறகு ஆட்குறைப்பில் வேலை போயிற்று. திரையில் வேலைக்காக அலைந்தவர், வாழ்க்கையிலும் அலைய நேர்ந்தது.

1952-ல் நம் நாட்டில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் காட்டப்பட்டது. அதைப் பார்த்த பிமல் ராய், மறு வருஷமே, 1953-ல், “தோ பீகா ஜமீன்” என்ற இந்திப் படத்தைத் தந்தார். ஆலை கட்டுவதற்காக ஒரு ஏழை விவசாயியின் துண்டு நிலத்தைக் கேட்கிறார் ஜமீன்தார். அவன் தர மறுக்கிறான். கடனைக் கட்டி நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கிறான். நடித்தவர் பல்ராஜ் சாஹ்னி. வயலில் இருப்பவரும் ஆலையில் இருப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் அது.

இன்றைக்கு இந்தப் படங்கள் வீட்டுக்கே வந்துவிட்டன. டி.வி.டி. தட்டிலும், டி.வி.யிலும், கையிலிருக்கும் செல்போனிலும் பார்க்கலாம். ஆனால் நடப்பது என்ன? வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு மூலையில் நாலு செல்போன். அரை நிமிஷம் ஒன்று, அரை நிமிஷம் இன்னொன்று என்று தள்ளித் தள்ளியே ராத்திரி கழிந்துவிடுகிறது. காலையில் கேட்டால் என்ன பார்த்தோம் என்றே நினைவில்லை. கொட்டகையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூட உட்கார்ந்து பார்த்த கூட்டத்தை வெளியே விட்டுவிட்டோம்.

“கறுப்பு வெள்ளைப் படம், பழைய படம், பாஷையும் புரியாது” என்பார்கள். சரி, பாஷையே அதிகம் வேண்டாத படத்திலிருந்து தொடங்குங்கள். 1936-ல் சாப்ளின் எடுத்த “மாடர்ன் டைம்ஸ்” இருக்கிறது. பேசும் படம் வந்து பல வருஷங்களான பின்பும் சாப்ளின் அதைப் பெரும்பாலும் ஊமைப் படமாகவே எடுத்தார். ஓடும் பட்டையின் முன் நின்று திருகாணி முடுக்கி முடுக்கி, வேலையை விட்டு நகர்ந்த பிறகும் கை முடுக்கிக்கொண்டே இருக்கும்! சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க, தொழிலாளிக்குச் சோறு ஊட்டும் யந்திரம் ஒன்றும் வரும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர், சிரித்துக்கொண்டே தம் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

பாஷை புரியாத படத்துக்கு, முன்பு சொன்னேனே, திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர், அவரைப் போல ஓர் ஆள் வேண்டும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், முதலில் தான் பார்த்துவிட்டு, பாட்டிக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டால் கோபப்படவேண்டாம். வீட்டில் பார்ப்பதில் உள்ள வசதியே அதுதான். நிறுத்தலாம், பேசலாம், விட்ட இடத்தை மறுபடியும் பார்க்கலாம்.

பெரிய செலவு எதுவும் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் டி.வி. உள்ள ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடுங்கள். செல்போன்களை மாடத்தில் வையுங்கள். முதலில் படம், பிறகு அரை மணி நேரம் பேச்சு. சமையலை அன்றைக்கு ஆண்கள் முன்கூட்டியே முடித்து வையுங்கள். இல்லாவிட்டால் பெண்கள் அடுப்படியிலிருந்து வசனம் மட்டும்தான் கேட்பார்கள்!

முதலில் சாப்ளின், அடுத்து பிமல் ராய், அதற்கடுத்து டி சீக்கா. மூன்று மாதம், மூன்று படம். பிடிக்கவில்லை என்றால் இதே படிப்பகத்துக்கு வந்து என்னோடு சண்டை போடுங்கள். பிடித்திருந்தால், அடுத்த தெருவுக்குப் போய்ச் சொல்லுங்கள்.