எறிந்த கல்லும் ஏட்டுச் சொல்லும்



எறிந்த கல் ஏன் கீழே விழுகிறது என்றால், பூமி இழுக்கிறது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் விழுகிற வரையில் அது எவ்வழியாய்ப் போகிறது என்பதைச் சரிவர அறிய மனித சமூகத்துக்குச் சுமார் 2000 வருஷங்கள் பிடித்தன.

கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், எறிந்த பொருளைக் காற்றே தள்ளிக்கொண்டு போகிறது என்றார். அவர் பேரறிவாளர்தான். பின்னால் சிலர் ஆட்சேபித்ததும் உண்டு. ஆனாலும் ஐரோப்பியப் பண்டிதர்களில் பெரும்பாலோர் அவர் வாக்கை வேதவாக்காக ஓதினார்களே ஒழிய, அளந்து பார்த்தார்களில்லை.

இத்தாலி தேசத்துக் கலிலியோ அளந்து பார்த்தார். சாய்ந்த பலகையில் குண்டை உருட்டி, விளிம்பிலிருந்து பாயவிட்டு, அது எவ்வளவு தூரத்தில் விழுகிறதென்று குறித்துக்கொண்டார். அவர் கண்டதென்ன? எறிந்த பொருளுக்கு இரண்டு ஓட்டங்கள் உண்டு. காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், முன்னோக்கிய ஓட்டம் ஒரே வேகமுடையது. கீழ்நோக்கிய ஓட்டமோ பூமியின் இழுப்பினால் வரவர வேகம் கூடுவது. முதல் வினாடியில் 16 அடி, இரண்டாவதில் 48 அடி, மூன்றாவதில் 80 அடி இறங்கும். ஒன்றை மற்றொன்று கெடுப்பதில்லை. இவ்விரண்டும் சேர்ந்ததே பரவளையம் என்னும் வளைந்த பாதை.

இதில் மதத்துக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். பூமி சுழலுமானால், கோபுரத்திலிருந்து விட்ட கல் பின்தங்கி விழவேண்டாமா என்பது பழமைவாதிகளின் பெரிய கேள்வி. கல்லுக்கும் பூமியின் ஓட்டம் உண்டு, விழும்போதும் அது போய்விடாது என்பதே பதில். கேள்விக்குப் பதில் வந்துவிட்டதல்லவா? ஆனால் பூமி சுழல்கிறதென்று வாதித்ததற்காக, ரோமாபுரி மத விசாரணைச் சபை 1633-இல் கலிலியோவை மண்டியிடச் செய்து, தம் கொள்கையைத் தாமே மறுக்கும்படி செய்தது. 1642-இல் சாகும்வரை காவலிலேயே வைத்தது. எறிபொருளைப் பற்றிய அவரது புத்தகம் 1638-இல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில்தான் அச்சேற முடிந்தது.

1640-இல் பிரெஞ்சு தேசத்துக் காசெண்டி, மார்செய் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போடச் செய்தார். கல் பின்தங்கவில்லை. மரத்தடியிலேயே விழுந்தது. அவரும் ஒரு பாதிரியாரே! பாதிரியாரானாலும் சோதித்தால் உண்மை தெரியும்.

தோழர்களே! நாம் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மேஜை விளிம்பில் இரண்டு நாணயங்களை வையுங்கள். ஒன்றை முன்னே சுண்டி, அதே நொடியில் மற்றதை நேரே கீழே தள்ளிவிடுங்கள். இரண்டும் தரையில் விழும் சப்தம் ஒன்றாகக் கேட்கும். ஒரு முறை தவறினால் பத்து முறை செய்து பாருங்கள். பிறகு உங்கள் காதையே கேளுங்கள்.