பிராணிச் சித்திரமும் நம் கடமையும்

(தருமபுரியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் மேடை ஏறினால் சங்க நூல்களையன்றி வேறொன்றும் பேசான் என்பது உலக வழக்கு. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ நாயும் பூனையும் மாடும் பற்றியது. அவற்றின் உருவைச் சித்திரமாக எழுதிப் பிழைக்க முயலும் ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. இஃதென்ன பொருள் என்று நகைப்பார் சிலர் இங்கே இருத்தல் கூடும். அவரும் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக.

அப்பெண் நம் குலத்தவள். பெயர் கூறின் நாணுவாளாதலின் கூறாது விடுகின்றோம். கல்லூரிப் படிப்பு முடித்தவள். எவரும் கற்பியாமலே பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு வீட்டுப் பிராணிகளின் உருவை எழுதப் பழகியவள். அவள் எழுதிய காளையைக் கண்டோர், அதன் மூச்சு தம்மேல் படுவது போலும் என்று வியந்து கூறக் கேட்டிருக்கின்றோம். இரண்டு ஆண்டுகளில் நாற்பது படங்கள் வரை எழுதியிருக்கின்றாள். அவற்றுள் விலைக்குப் போனவை மூன்றே. எஞ்சியவற்றுட் பெரும்பாலன உறவினர் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. வாங்கியோர் காபியும் பலகாரமும் தந்து, வாயாரப் புகழ்ந்து அனுப்பினர். புகழ்ச்சியைக் கொண்டு வண்ணக் குப்பி வாங்க இயலுமோ?

அவள் தந்தையார் பொல்லாதவர் அல்லர். வருகின்ற தை மாதம் வரையில் பார்ப்போம். அதன் பின்னர்த் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குச் செல்ல வேண்டியதே என்று கூறியிருக்கின்றார். மழையை நம்பிய நம் மாவட்டத்தில், திருப்பூருக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பாத ஊர் எது? அவர் கூற்றில் தவறில்லை. தவறு உண்டெனின் அது படத்தை வாங்கிக்கொண்டு பணத்தை மறந்த நம்மனோரிடத்தே உள்ளது.

நிற்க. பிராணிக்குப் படம் எழுதுவித்தல் பட்டணத்தாரின் புதுப் பைத்தியம் என்று சிலர் கூறுவர். அவர்கள் ஒருமுறை நம் தருமபுரி அகழ்வைப்பகத்திற்குச் சென்று அங்குள்ள நடுகற்களைக் கண்டு வருவாராக. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்குக் கல் நட்டு உருவம் பொறித்த பூமி இது. அண்டையிலுள்ள செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊர் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த நடுகல் ஒன்று ஆங்குக் கிடைத்தது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர் நீத்த கருந்தேவகத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அவ்வீரனுக்குப் பின்னே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வன் ஒருவனைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்நாயின் பெயரை நாம் அறிவோம். நம் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இஃது ஒன்று மட்டுமன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றிற்கு எடுத்த நடுகல் உண்டு. கன்னட நாட்டில் மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலே, 10 ஆம் நூற்றாண்டின் இடையில் நட்ட கல் ஒன்றில், காளி என்னும் வேட்டைநாய் காட்டுப் பன்றியோடு பொருது இரண்டும் மாண்ட செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. மணலேரன் என்னும் வீரன், வேண்டுவன கேள் என்று அரசன் கூறியபோது, பொன் கேளாது அந்நாயையே கேட்டுப் பெற்றவன். அக்கல்லின் பூசைக்கென நிலமும் விடப்பட்டது. அக்கல்லை இன்றும் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பிராணியிடத்து வைத்த அன்பும், அதன் உருவை நிலைபெறச் செய்யும் வேட்கையும் இம்மண்ணிற்குப் புதியன அல்ல. அன்றியும், கல் கொத்துதல் பல நாள் உழைப்பு. அவ்வுழைப்பிற்குச் சோறும் கூலியும் கொடுத்தோர் இருந்தமையால் அன்றோ கோவிவன் இன்றும் நிற்கின்றது? மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்னும் பெயரால் சுட்டுகின்றது. காண்பார் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. வினைஞர் என்ற சொல்லை நோக்குக. வினை செய்வாருக்குக் கூலி உண்டு.

இனி, வாங்குவோரைக் கண்டடைவது எவ்வாறு என்பதற்கு மேல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று கூறுவோம். பழைய கிராமபோன் தட்டுக்களில், குழாயின் முன்னே தலை சாய்த்து அமர்ந்து கேட்கும் ஒரு நாயின் படத்தை முதியோர் பலர் கண்டிருப்பீர்கள். அந்நாய் கற்பனையன்று, நிப்பர் என்னும் பெயருடன் இங்கிலாந்தில் வாழ்ந்தது. பிரான்சிஸ் பாரோ என்னும் ஓவியர், தம் தமையனார் இறந்த பின் அதனை வளர்த்தார். 1895 இல் நாயும் இறந்தது. அதன் பின்னரே நினைவிலிருந்து அப்படத்தை எழுதினார். முதலில் அவர் எழுதியது, உருளையைக் கொண்டு பாடும் எடிசன் வகை இயந்திரத்தின் முன்னே நாய் அமர்ந்த காட்சி. அவ்வகை இயந்திரம் விற்போரிடமே கொண்டு சென்றார். அவர்கள் வேண்டாம் என்றனர். 1899 இல், கறுத்த குழாய்க்குப் பதிலாகப் பளபளக்கும் பித்தளைக் குழாய் எழுதினால் படம் விளங்கும் என்று எண்ணி, மாதிரிக்கு ஒரு குழாயை இரவல் கேட்க கிராமபோன் கம்பெனிக்குச் சென்றார். ஆங்கிருந்த மேலாளர் படத்தைக் கண்டு, எங்கள் இயந்திரத்தை அதில் எழுதித் தருவீராயின் வாங்கிக்கொள்வோம் என்றார். பாரோ அவ்வாறே மாற்றி எழுதினார். படத்திற்கு 50 பவுன், அதனை அச்சிட்டு வழங்கும் உரிமைக்கு 50 பவுன், ஆக 100 பவுன் பெற்றார். பின்னாளில் அதே படத்தைக் கையால் மீண்டும் மீண்டும் எழுதித் தரும் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

இதிலிருந்து நம் இளைஞர் கொள்ளத்தக்கன மூன்று. ஒருவர் மறுத்தால் மற்றொருவரிடம் செல்லுதல் முதலாவது. வாங்குவோர் கேட்கும் சிறு மாற்றத்தை மானக்கேடாகக் கருதாமை இரண்டாவது. மூன்றாவதே பெரிது: படத்தின் விலை வேறு, அதனை அச்சிடும் உரிமையின் விலை வேறு என்பது. நம் நாட்டில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்கென எழுதுவித்த உருவப்படத்தின் பதிப்புரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிடின், எழுதுவித்தவரையே சேரும். ஆதலின் மாட்டுத் தீவனக் கடைக்காரர் ஒருவர் தம் காளையைப் படமாக எழுதுவித்து, பின்னர் அதனையே ஆயிரம் பைகளில் அச்சிட்டாலும், எழுதியவள் ஒரு காசும் கேட்க இயலாது போகலாம். முன்னரே ஒரு துண்டுத் தாளில், அச்சுரிமை எழுதியவருக்கே என்று இருவரும் கையொப்பமிட்டுக் கொள்ளுதல் நலம்.

இனி நம் மாவட்டத்தில் வாங்குவோர் யாவர் என்பதைப் பார்ப்போம். எருது விடும் விழாவிற்குக் காளை வளர்ப்போர் முதல்வர். காளையின் படத்தைப் பிளக்ஸ் பதாகையில் போட்டு ஊர் எல்லையில் நிறுத்த அவர்கள் பணம் செலவிடுகின்றனர். அப்பதாகை ஒரு மழைக்காலத்தில் கிழிந்துபோம். கண்ணாடிச் சட்டமிட்ட சித்திரமோ காளை இறந்த பின்னும் வீட்டில் இருக்கும். ஆலம்பாடி மாடு வளர்ப்போரும் அவ்வாறே. அவ்வினம் அருகி வருவதை நாம் அறிவோம். அதனைக் காக்கக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையமும் ஏற்பட்டுள்ளது. ஒவ்வொரு நல்ல மாட்டிற்கும் ஒரு படம் இருப்பது இனத்தின் வரலாறாகவும் அமையும்.

அடுத்து, ஓசூரிலும் பெங்களூரிலும் வாழும் நம் உறவினர். அடுக்கு மாடி வீடுகளில் நாயைப் பிள்ளை போல வளர்ப்போர் அங்குப் பலர். அவர்களுடைய அண்டை வீட்டாரும் அத்தகையோரே. ஒரு வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கின், வருவோர் வினவுவர். வினவுவோருள் ஒருவர் வாங்குவர்.

யாவரினும் மேலாகப் பிராணியை இழந்தோரைக் கூறவேண்டும். இவர்களை நாடிச் செல்லுதல் கூடாது; துயரத்தை வாணிகமாக்குதல் அறமன்று. கால்நடை மருந்தகத்திலும் பிராணித் தீவனம் விற்கும் கடையிலும், உரியோர் இசைவு பெற்று, ஒரு படமும் தொலைபேசி எண் கொண்ட சிறு சீட்டும் வைத்தால் போதும். வேண்டுவோர் தாமே வருவர்.

படம் கேட்போர் அனுப்பும் புகைப்படம் நன்றாக இருத்தல் வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுக்கும். ஆதலின் குனிந்து பிராணியின் கண் மட்டத்தில் எடுத்தல் வேண்டும். காலை வெயிலில், நிழலோரத்தில் எடுப்பது நன்று. பிளாஷ் ஒளி ஆகாது. நாய், பூனை, மாடு இவற்றின் கண்ணின் உட்புறத்தே ஒளியைத் திருப்பி எறியும் படலம் ஒன்று உண்டாதலின், கண் நெருப்புப் போலத் தோன்றி நிறம் மறைந்துபோம். பிராணியின் பெயர், வயது, அதன் குறும்பு ஒன்று, இவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். காதின் மடிப்பையும் நெற்றிச் சுட்டியையும் வளர்த்தவர் சொல்லக் கேட்டு எழுதும் படமே வளர்த்தவரைக் கண்ணீர் சொரியச் செய்யும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். இக்காலத்தில் இயந்திரமே நொடிப் பொழுதில் படம் எழுதித் தருகின்றதே, இப்பெண்ணின் படத்தை யார் வாங்குவர் என்பது அது. உண்மை, அழகிய நாய்ப் படம் வேண்டுவோர்க்கு இயந்திரம் போதும். தன் நாயின் படம் வேண்டுவோரோ வேறு. அவர்கள் தம் சொல்லை ஒருவர் அமர்ந்து பொறுமையாகக் கேட்டதையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

விலையைப் பற்றி ஒரு சொல். தலை மட்டும் எழுதுவதற்கு இன்ன விலை, முழு உருவிற்கு இன்ன விலை, சட்டம் தனி, பாதி முன்பணம், இத்தனை நாளில் தருவேன் என்று ஒரு தாளில் அச்சிட்டு வைத்தல் வேண்டும். தாளும் வண்ணமும் வாங்கிய செலவோடு, உழைத்த நாட்களின் கூலியையும் கணக்கிட்டே விலை வைத்தல் முறை. வாங்குவோரும் சந்தையில் ஆட்டுக்குட்டி பேரம் பேசுவது போலப் பேசுதல் ஆகாது. உறவுமுறை என்று விலை குறைக்கக் கேட்பது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். உறவினரே முழு விலை கொடாராயின் அயலார் ஏன் கொடுப்பர்? உறவின் கடமை முதல் வாடிக்கையாளராதல். முதல் இனாம்தாரர் ஆதல் அன்று.

மற்றொன்றும் கூறி அமைவோம். நம் சங்கம் நம் பிள்ளைகளைத் தூக்கிவிட ஏற்பட்டது. ஆயினும் அவர்களை நமக்குள்ளேயே அடைத்து வைக்க ஏற்பட்டதன்று. நம் இல்லங்கள் முதற்படியாக அமைதல் போதும். நாயை நேசிப்பார்க்குக் குலம் ஏது? எக்குலத்தார் வாசலிலும் அப்பெண் தன் படத்தோடு தலைநிமிர்ந்து சென்று நிற்றல் வேண்டும். அவ்வாறே பிற குலத்து இளைஞர் ஒருவர் நம் வாசலுக்குத் தம் கைத்தொழிலோடு வந்து நின்றால் அவரையும் விலை கொடுத்தே ஆதரித்தல் வேண்டும்.

ஆதலின் அன்பர்காள், யாம் வேண்டுவன சிலவே. முன்னரே படம் பெற்றுப் பணம் கொடாதோர் இன்றே கணக்குத் தீர்ப்பாராக. மாட்டுப் பொங்கலுக்கு முன், இயன்ற வீட்டார் தம் காளைக்கோ பசுவிற்கோ நாய்க்கோ ஒரு படம், முழு விலைக்கு எழுதுவிப்பாராக. பெங்களூரில் உறவினர் உடையோர் இருவர்க்கேனும் கைப்பேசியில் செய்தி அனுப்புவாராக. நம் சங்க இதழின் ஆசிரியர் மாதம் ஒரு பக்கத்தை இளங்கலைஞர்க்கென ஒதுக்குவாராக. தை பிறப்பதற்குள் அப்பெண்ணின் வீட்டில் பத்துப் படங்களுக்கேனும் முன்பணம் வந்திருக்குமாயின், அவள் தந்தையார் திருப்பூருக்குப் பயணச்சீட்டு வாங்கார் என்பது எமது துணிபு.