நாளும் கட்டடமும்



கோலா தெர்லாவில் வாழும் நமக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏப்ரலில் ஒரு மழை. அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டத் தொடங்கினார்கள். சரிவை வெட்டினார்கள், தூண்களை எழுப்பினார்கள். தடுப்புச் சுவரும் கால்வாயும் கடைசி வேலை என்று குத்தகையாளரின் அட்டவணையில் இருந்தது. அதற்குள் அக்டோபர் மழை முந்திக்கொண்டது. ஓர் இரவில் மண் சரிந்து தூண்களுக்கிடையே நிரம்பியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பிள்ளைகள் நான்கு மாதம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

கட்டடத்தின் வரைபடம் சரியாகவே இருந்தது. அட்டவணையிலும் தேதிகள் ஒழுங்காகவே இருந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்தாம் ஒருவரும் இல்லை.

நம் தோட்டத்தையே எண்ணிப் பாருங்கள். அலுவலகச் சுவரில் மலைகளின் படம் தொங்குகிறது. கிராணியாரின் மேசையில் எந்த மலையில் என்றைக்குக் கொழுந்து பறிப்பது, எங்கே கவாத்து என்ற பட்டியல் இருக்கிறது. மண்டோர் இவ்விரண்டையும் மனத்தில் சேர்த்துத்தான் காலையில் ஆட்களை அனுப்புகிறார். கட்டட வேலையில் இதே காரியத்தை இன்று கணினி செய்கிறது.

எப்படி? முதலில் கட்டடத்தைக் கணினியில் நீளம், அகலம், உயரத்தோடு மாதிரியாக அமைக்கிறார்கள். தூண், உத்தரம், சுவர், கூரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. எந்த வேலை எந்த உறுப்பைக் கட்டுகிறது என்று இரண்டையும் இணைத்துவிடுகிறார்கள். பிறகு தேதியை நகர்த்தினால், கட்டடம் நம் கண்முன் படிப்படியாக எழும். முடிந்தது ஒரு நிறம், நடப்பது ஒரு நிறம். நீள அகல உயரங்களோடு காலமும் சேர்வதால் இதனை நாற்பரிமாண மாதிரி என்கிறார்கள்.

இதில் பெரிய நன்மை, தற்காலிகப் பொருள்களும் படத்தில் வருவதுதான். சாரம், பாரந்தூக்கி, லோரி வரும் வழி, வெட்டிக் குவித்த மண் ஆகியவை சில வாரங்கள் நின்று பிறகு மறைந்துவிடும். முடிந்த கட்டடத்தின் வரைபடத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் மோதலும் விபத்தும் அவற்றால்தானே நேர்கின்றன?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2003-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி இசையரங்கம் வளைவு வளைவான சுவர்கள் கொண்டது. அதைக் கட்டும்போது இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள புத்ராஜெயா எம்.ஆர்.டி. பாதைக்கும் கணினி மாதிரிகளைக் கையாண்டார்கள். அதில் 13.5 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் செல்கிறது. அந்தப் பாதை 2023 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. தவறான தேதியைக் கொடுத்தால் தவறான படம்தான் வரும். வேலை பிந்தும்போது அட்டவணையைத் திருத்தாவிட்டால் படம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் போய்விடும். அக்டோபரில் இந்த மலையில் என்ன நடக்கும் என்பதும் கணினிக்குத் தானாகத் தெரியாது. மலையை அறிந்தவர்கள்தாம் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளியிலோ கோயிலிலோ கட்டட வேலை பற்றிக் கூட்டம் நடந்தால், "மழை மாதத்தில் எது கட்டி முடிந்திருக்கும், எது திறந்து கிடக்கும்?" என்று கேளுங்கள். கணினி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். எங்கள் மாணவர்கள் தீப்பெட்டிகளைத் தூணாகவும் சுவராகவும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேதியை ஒட்டி, அந்தத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தார்கள். தடுப்புச் சுவர் கடைசியில் வருவதை நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே கண்டுபிடித்துவிட்டாள். பொறியியல் படிக்கும் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே நல்ல தொடக்கம். இன்று மாலை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.