அடுக்கு பிரிகிற பலகாரம்: பப்ஸும் நம்ம பேணியும்

(அவலூர்பேட்டையில் குழு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



பேக்கரியில் விற்கிற பப்ஸை நாமே செய்து விற்கலாமா, அதுக்கு அவன் வாங்க குழுவில் கடன் எடுக்கலாமா என்று பல குழுக்களில் பேச்சு ஓடுகிறது. கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி, அந்தப் பலகாரம் எப்படி அடுக்கு அடுக்காகப் பிரிகிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் அவன் வேணுமா வேண்டாமா என்பது தானாக விளங்கும்.

இது பிரெஞ்சுக்காரர்கள் பேர் வாங்கிய பலகாரம். அவர்கள் நமக்கு அந்நியமும் இல்லை. 1750 முதல் 1761 வரை நம்ம செஞ்சிக் கோட்டையே அவர்கள் கையில்தான் இருந்தது. புதுச்சேரியில் 1954 வரை அவர்கள் ஆட்சி. இன்றைக்கும் புதுச்சேரி பேக்கரிகளில் பிறை மாதிரி வளைந்த குரோசான் கிடைக்கிறது. அதில் ஈஸ்ட் போடுவார்கள். பப்ஸ் மாவில் ஈஸ்ட் இல்லை, சோடா உப்பும் இல்லை. அப்புறம் எப்படி உப்புகிறது?

மாவுக்கு நடுவில் வெண்ணெயை வைத்து, தேய்த்து, மூன்றாக மடிக்கிறார்கள். மறுபடி தேய்த்து மறுபடி மூன்றாக மடிக்கிறார்கள். ஒரு மடிப்புக்கு மூணு, இரண்டுக்கு ஒன்பது, மூன்றுக்கு இருபத்தேழு என்று பெருகி, ஆறாவது மடிப்பில் 729 அடுக்கு வந்துவிடும். அதனால்தான் ஒரு பலகாரத்துக்கு 'ஆயிரம் இலை' என்று பொருள் வரும்படி மில்ஃபெய் என்று பேர் வைத்தார்கள். நல்ல சூட்டில் வைத்ததும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்குகிறது. நடுவில் இருக்கிற கொழுப்பு அடுக்குகளை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதைக் கேட்டதும், 'நம்ம பேணியும் இப்படித்தானே' என்று உங்களுக்குத் தோணும். அதேதான். அங்கே வெண்ணெய், இங்கே நெய்யில் குழைத்த அரிசி மாவு. அங்கே அடுப்புச் சூடு, இங்கே எண்ணெய்ச் சூடு. பரோட்டா மாஸ்டர் எண்ணெய் தடவி வீசிச் சுருட்டுவதும் இதே குடும்பம்தான்.

முதலில் பப்ஸ் மாவின் சுலப முறையைச் சொல்கிறோம். மைதா 250 கிராம், உப்பு அரை ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், கெட்டியான வெண்ணெய் 150 கிராம், ஜில்லென்ற தண்ணீர் அரை டம்ளர். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் மோர்த் தண்ணீரை நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டு இறுக வையுங்கள். வெண்ணெயை மொச்சைக்கொட்டை அளவுக்கு வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் புரட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. வெண்ணெய்த் துண்டு கண்ணுக்குத் தெரியணும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்த்து உருட்டி, நீளவாக்கில் தேய்த்து, துணி மடிக்கிற மாதிரி மூன்றாக மடியுங்கள். குளிர்ந்த இடத்தில் அரை மணி வைத்து, பக்கம் திருப்பி மறுபடி தேய்த்து மடியுங்கள். நாலு தடவை போதும். ஆயிரம் இலை நமக்கு வேண்டாம், 81 அடுக்கே தாராளம்.

இதில் நமக்கு இருக்கிற பெரிய சிக்கல் வெயில். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சித்திரை, வைகாசியில் நம்ம பக்கம் வெயில் அதைத் தாண்டிப் போகிறது. உருகின வெண்ணெய் மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு கிடையாது, பிஸ்கட் மாதிரிதான் வரும். ஃப்ரிட்ஜ் இருந்தால் கவலையில்லை. இல்லாதவர்கள் மார்கழி, தை மாதத்தில் விடியற்காலையில் செய்து பழகுங்கள்.

தேய்த்த மாவைக் கூர்மையான கத்தியால் ஒரே அழுத்தாக வெட்டணும். இழுத்து வெட்டினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும். உருளைக்கிழங்கு மசாலா தண்ணீர் இல்லாமல், முழுக்க ஆறியிருக்கணும். அவன் இருந்தால் 200 டிகிரியில் 25 நிமிடம். இல்லையென்றால் பழைய கனமான இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, நடுவில் ஸ்டாண்டு வைத்து, மூடி, கால் மணி நேரம் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் தட்டை உள்ளே வையுங்கள். நல்ல குக்கரை இதுக்குப் பாழாக்க வேண்டாம். மணல் சட்டியில் அடிப்பக்கம் சீக்கிரம் சிவக்கும், மேல்பக்கம் வெளுப்பாக இருக்கும். முக்கால் வாசி வெந்ததும் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். சட்டி காயாமல் வைத்தால் ஆவி வருவதற்குள் வெண்ணெய் ஒழுகிப் போகும்.

இப்போது கணக்கு. இந்த அளவுக்கு பத்து பப்ஸ் வரும். வெண்ணெய்க்கு ஆகிற செலவு மற்ற எல்லாச் சாமானையும் சேர்த்ததைவிட அதிகம். பல பேக்கரிகள் மார்ஜரின் போடுவதால் விலை கட்டுப்படியாகிறது. வனஸ்பதி, மார்ஜரின் இதிலெல்லாம் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. பாக்கெட் இல்லாமல் சில்லறையில் தருகிற டால்டாவை நம்பி வாங்காதீர்கள். பேக்கரியோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது. அதோடு மசாலா வைத்த பப்ஸ் அன்றைக்கே விற்றாகணும். மிஞ்சினது நஷ்டம்தான்.

பேணிக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு டம்ளர் மைதாவில் ஒரு கரண்டி சூடான நெய், உப்பு சேர்த்து பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிடுங்கள். மூணு ஸ்பூன் நெய்யை உள்ளங்கையால் வெளுக்கத் தேய்த்து, இரண்டு ஸ்பூன் அரிசி மாவைக் குழையுங்கள். அஞ்சு மெல்லிய பூரி இட்டு, ஒவ்வொன்றிலும் இந்தக் குழைவைத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, வெட்டின முகம் மேலே இருக்க லேசாக அழுத்தித் தேயுங்கள். மிதமான தீயில் போட்டு, கரண்டியால் எண்ணெயை மேலே ஊற்ற ஊற்ற பூ மாதிரி விரியும். அதைப் பார்க்கவே ஒரு சந்தோஷம்! ஆறினதும் ஏலக்காய் சேர்த்த சர்க்கரைத் தூளைத் தூவி டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பு போகாது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே செய்து எடுத்துப் போகலாம்.

ஆகவே எங்கள் யோசனை இது. அவனுக்குக் கடன் இப்போது வேண்டாம். முதல் மூணு மாதம் பேணியை விற்று, வரவு செலவைக் குழு நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பப்ஸை ஆர்டர் வந்தால் மட்டும், பிறந்தநாள், வளைகாப்பு போன்றதுக்கு, வெண்ணெய் விலையைச் சேர்த்துச் சொல்லி, முன்பணம் வாங்கிச் செய்யுங்கள். எது விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சின்ன வியாபாரம், வீட்டுச் சமையல் என்று விலக்கு கிடையாது. மூணு மாத நோட்டைப் பார்த்துவிட்டு, ஆர்டர் எத்தனை வந்தது என்று எண்ணி, அப்புறம் அவன் கடனைத் தீர்மானத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் கால் கிலோ மைதாவும் கொஞ்சம் நெய்யும் கொண்டு வாருங்கள். சுருட்டி வெட்டுவதைச் செய்து காட்டுகிறோம்.