சிறு கல்லூரிகளின் பெருங்கிண்ணம்



டிக்கோயாவை அடுத்த தரவளை மைதானத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே ரதல்லையிலும் அத்தகையதொரு திடல் உண்டு. தோட்டத்துரைமார் தங்கள் கழகங்களுக்கென அமைத்துக்கொண்ட இவ்விடங்களிலேதான் றகர் என்னும் ரக்பி ஆட்டம் தேயிலை நாட்டில் வேரூன்றியது. நீண்ட காலம் ஆடுவோர் துரைமாராகவும், வேலியோரம் நின்று பார்ப்போர் நம்மவராகவுமே இருந்தனர். அந்த றகரின் வழித்தோன்றலே அமெரிக்க உதைபந்தாட்டம். அங்குள்ள சிறு கல்லூரிகள் அவ்வாட்டத்தில் தமக்கென நடத்தும் தேசிய வாகைப் போட்டியைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன்.

முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறாத அணி பந்தை எதிரணிக்கு விட்டுவிட வேண்டும். றகரில் பந்தை முன்னோக்கி எறியலாகாது, இதிலோ எறியலாம். 1905இல் ஆட்டக்களத்தில் இளைஞர் பலர் உயிரிழக்க, நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் 1906இல் செய்யப்பட்ட திருத்தங்களுள் அதுவும் ஒன்று. பெயர் உதைபந்தாட்டமாயினும் உதைக்கும் காலுக்கு அதில் வேலை சொற்பமே!

விந்தை யாதெனில், பேர்பெற்ற பெரும் பல்கலைக்கழகங்களின் வாகையர் யாரென்பதை நெடுங்காலம் ஆட்டக்களம் தீர்மானிக்கவில்லை. பத்திரிகையாளரும் பயிற்றுநரும் வாக்களித்தே தீர்மானித்தனர். நான்கு அணிகளேனும் மோதிப்பார்க்கும் விலகற் சுற்று அவர்களுக்கு வாய்த்தது 2014ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்திலேதான். சிறு கல்லூரிகளோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. சிறு கல்லூரிகள் பலவற்றைக் கொண்ட ஒரு சங்கம் 1956இலேயே இறுதியாட்டம் நடத்தியது. அதில் இரு அணிகளும் ஒரு புள்ளியும் பெறாது சமநிலையில் முடிக்க, கிண்ணம் இருவருக்கும் பொதுவாயிற்று. 1973இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினரை மூன்று பிரிவுகளாக வகுத்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவிப்பணம் எவருக்கும் கிடையாது. அவ்வாண்டு நான்கே அணிகளுடன் அப்பிரிவின் விலகற் சுற்று தொடங்கியது. 2024இல் நாற்பது அணிகள் பங்குபற்றின. நூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்த பயிற்றுநர் அமோஸ் அலொன்சோ ஸ்டாக் என்பாரின் பெயரால் இறுதியாட்டம் வழங்கப்படுகின்றது.

1993 முதல் 2017 வரை அவ்விறுதியாட்டத்தை வேர்ஜீனியா மாநிலத்துச் சேலம் என்னும் ஊர் ஏற்று நடத்தியது. மலைகள் சூழ்ந்த சிற்றூர் அது. மார்கழிக் குளிரில் நடக்கும் ஆட்டம். நுவரெலியாவின் பனியை அறிந்த நமக்கு அதனைக் கற்பனை செய்வது அரிதன்று.

சிறியவர்க்குத் தனிக் கிண்ணம் வைத்துவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிறியவருள்ளும் பெரியவர் தோன்றுவர். ஒகையோ மாநிலத்து மவுண்ட் யூனியன் 1993க்கும் 2017க்கும் இடையில் பதின்மூன்று முறை வென்றது. 2005 முதல் 2011 வரை ஏழாண்டுகளும் இறுதியில் நின்றவை அதுவும் விஸ்கொன்சின் வைட்வோட்டரும் மட்டுமே. ஏனைய கல்லூரிகள் சலித்திருக்கும். எனினும், தோற்றது வாக்கினாலன்று, களத்திலே என்ற ஆறுதல் அவற்றுக்கு உண்டு.

நம் தோட்டப் பாடசாலைகளை நினைத்துப் பாருங்கள். எழுபதுகளில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று அங்குள்ள பிள்ளைகளும் வலயம், மாகாணம், அகில இலங்கை என்ற படிகளில் ஏறலாம். ஆனால், சரிவில் அமைந்த பாடசாலைக்குச் சமதரை ஏது? முற்றத்தில் பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். அப்பிள்ளைகள் பெருநகரக் கல்லூரியை எதிர்த்து முதல் ஆட்டத்திலேயே வெளியேறுவதைத் திறமைக் குறைவென்று எழுதிவிடுதல் நீதியன்று. ஆண்டுக்கு ஓராட்டம் ஆடியவன் எங்ஙனம் தேர்வான்?

ஆதலால், அகில இலங்கைப் போட்டியை விட்டுவிடாமலே, சிறு பாடசாலைகளுக்கென ஒரு சுற்றையும் வைக்கலாம் என்பது என் கருத்து. றகரே வேண்டுமென்பதில்லை, உதைபந்தாட்டமோ கரப்பந்தாட்டமோ போதும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எனப் பகுதிதோறும் முதற் சுற்றுகளை நடத்தலாம். மழை ஓயும் தை, மாசியில் இறுதியாட்டத்துக்கு அட்டன் டன்பார் மைதானம் இருக்கின்றது. லயத்திலிருந்து பெற்றோரும் பஸ் ஏறி வந்து பார்க்கலாம்.