பசியும் பட்டினியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விருந்துண்ட கை உலருமுன் பசியைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். சென்ற வாரம் நம் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன், காலைச் சிற்றுண்டி அருந்தாமல் வந்ததை "இன்று நான் பட்டினி" என்றான். நாம் நகைத்தோம். அவ்விரு சொற்களின் வேற்றுமையை அவனுக்கு நாம் சொல்லித் தரவே இல்லை என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

பசி இயற்கை. அது எடுக்கும், உண்டால் அடங்கும். பட்டினி அத்தகையதன்று. ஒருவன் பட்டினி கிடப்பான். அல்லது பிறர் அவனைப் பட்டினி போடுவர். 'பசி போட்டான்' என்று தமிழில் சொல்ல இயலாது. 'பட்டினி போட்டான்' என்ற மாத்திரத்தில், அதைச் செய்தவன் வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுகிறான். முற்கால நூல்களில் பட்டினி என்பது விரும்பி ஏற்ற நோன்பையும் குறித்தது. இன்றோ அதற்கு உண்ணாநோன்பு என வேறு பெயர் வைத்துக்கொண்டு, பட்டினியை ஏழைக்கே விட்டுவிட்டோம்!

நாம் குடியிருக்கும் அல்சூரைக் கன்னட மக்கள் ஹலசூரு என்பர். நம் பலா அவர்கள் நாவில் ஹலசு. பலா மரங்களால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. அதே முறையில்தான் நம் பசி அவர்களுக்கு ஹசிவு ஆயிற்று. நம் பழைய 'வறம்' அவர்களிடம் 'பர' என்று பஞ்சத்தைக் குறிக்கிறது. வறட்சி, வறுமை, வற்கடம் யாவும் அந்த ஓர் அடியில் கிளைத்தவையே. பாண்டி நாட்டில் பன்னீராண்டு நீடித்த பஞ்சத்தை இறையனார் களவியல் உரை வற்கடம் என்றே வழங்குகிறது. நிலம் வறண்டால் வயிறும் வறளும் என்பதைச் சொல்லே அறிந்து வைத்திருக்கிறது.

ஆயினும் குற்றமெல்லாம் மழையின்மீதுதானா? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சத்தை நோக்குவோம். அன்று ஆங்கில ஆணையர் ஆட்சியில் இருந்த மைசூர் இராச்சியத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேல். 1881ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 42 லட்சம். சென்னை மாகாணத்து நிவாரணத்தைச் சிக்கனப்படுத்த 1877இல் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். இதைக் கொண்டு உழைப்பவன் உயிர் தரியான் என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசு அக்கூலியைக் கைவிட்டது. மழை செய்தது வறட்சி. அந்த ஓர் இராத்தல் செய்ததற்குத் தமிழில் என்ன பெயர் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

மாண்டோர் பலர் காலரா, அம்மை, பேதி என்ற தலைப்புகளின்கீழ் ஏட்டில் ஏறினர். மணிமேகலை ஆசிரியரோ பசியையே பிணியென்று கொண்டார். எவ்வளவு உண்டும் அடங்காத காயசண்டிகையின் கொடும்பசிக்கு யானைத்தீ என்று பெயர். அமுதசுரபியின் சோற்றால் அன்றோ அது தீர்ந்தது!

சென்னைப் பெருமக்களும் இதை அறிந்திருந்தனர் போலும். 1782இல் பஞ்சத்தால் நலிந்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தையொட்டிப் பின்னர் மருத்துவமனை வளர்ந்தது. அதற்கு ஸ்டான்லி என்று பெயர் சூட்டிய பின்னரும், ஊரார் வாயில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகவே நிலைத்தது.

வரும் ஞாயிறன்று வகுப்பில் இதையெல்லாம் அச்சிறுவனுக்குச் சொல்ல எண்ணியுள்ளோம். அதற்குமுன், அன்று வீட்டில் ஏன் சிற்றுண்டி இல்லை என்று அவனிடம் தனியே கேட்க வேண்டும். அன்று நாம் நகைத்தோமேயன்றிக் கேட்கவில்லை.