அந்த நாலு பேர் யார்?



"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" நம் நாட்டிலே எத்தனையோ கதவுகளைச் சாத்தித் தாழிட்ட கேள்வி இது. காதலித்த மகளை அறையிலே பூட்டியது இந்தக் கேள்வி. கைம்பெண்ணின் கூந்தலிலிருந்து பூவைப் பறித்தது இந்தக் கேள்வி. ஆணென்று பெயரிட்டு வளர்த்த பிள்ளை, "அம்மா, நான் பெண்" என்று சொல்லும்போதும், பெண்ணென்று வளர்த்த பிள்ளை, "அப்பா, நான் ஆண்" என்று சொல்லும்போதும், பெற்றவர் நெஞ்சிலே முதலில் எழுவதும் இந்தக் கேள்விதான். அன்றிரவே ஒரு பிள்ளை மாற்றுத் துணியோடு ஊரை விட்டுப் போகிறது.

அந்தத் தாய்க்குப் பாசம் இல்லையா? உண்டு. தந்தைக்கு நெஞ்சிலே ஈரம் இல்லையா? உண்டு. அவர்கள் பிள்ளைக்கு அஞ்சவில்லை. திண்ணைக்கும் தேநீர்க் கடைக்கும் திருமண வீட்டுப் பந்திக்கும் அஞ்சுகிறார்கள்!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடையேறியவன் நான். ஊர் ஏசியது, உறவு முணுமுணுத்தது. ஆயினும், எந்நேரம் வீடு திரும்பினாலும் எனக்கென்று சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சோற்றுத் தட்டு இருந்ததால்தான் ஏச்சு என்னை வீழ்த்தவில்லை. திருநங்கையும் திருநம்பியும் முதலில் இழப்பது அந்தத் தட்டைத்தான். பள்ளி பிறகு போகிறது. தொழில் பிறகு போகிறது. கடைசியில் மானத்தோடு வாழும் வழியே அடைபடுகிறது.

இந்த இழிவு இயற்கையாய் முளைத்ததா? இல்லை, சட்டம் போட்டு வளர்க்கப்பட்டது! 1871ஆம் ஆண்டிலே வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. முதலில் வடபுல மாகாணங்களிலே நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி, இம்மக்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண்ணுடையிலே வீதியில் தோன்றினால் இரண்டாண்டு வரை சிறை! அவர் உயில் எழுதக்கூடாது, பிள்ளையைத் தத்தெடுக்கக்கூடாது, யாருக்கும் காப்பாளர் ஆகக்கூடாது. அந்நியன் அறுத்தது ஆடையை மட்டுமன்று, உறவையும் அறுத்தான்!

உறவு அறுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? புதிய உறவைப் படைத்தார்கள். வீடிழந்து வந்தவளை மூத்த திருநங்கை ஒருத்தி மகளாக ஏற்கிறாள். மகள் தாயைக் காக்கிறாள். ஜமாத் என்று அவர்கள் அழைக்கும் குடும்பம் அது. பெற்றவர் கைவிட்ட பிள்ளைக்குப் பெறாதவள் தாயாகிறாள்! ஆனால், அந்தத் தாய் இருக்கிறாள் என்று சொல்லி நாம் கைகழுவிவிடலாகாது.

நாடக மேடையையும் சற்று நினைத்துப் பாருங்கள். ஆண்கள் பெண் வேடமிட்டுப் புகழ் குவித்த மேடை நம் மேடை. ஔவையாராக நடித்த டி.கே. சண்முகம் அவர்களுக்கு 'ஔவை' என்ற அடைமொழியையே சூட்டி மகிழ்ந்தது தமிழகம். அது வேடம், இது வாழ்க்கை. வேடத்துக்கு மாலையிட்ட நாடு, வாழ்க்கைக்குக் கல்லெறிவதா?

காலம் சிறிது மாறியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தமிழகத்திலே இவர்களுக்கென நலவாரியம் பிறந்தது. 2014ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 15இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கையும் சட்டப்படி மணமகளே என்றது. 2020இல் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பிலே திருநங்கையரைக் கொண்டே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. கை நீட்டுவோர் என்று உலகம் ஏசியவர்கள், கறவை மாடு வளர்த்துப் பால் அளக்கிறார்கள்!

ஆயினும் தோழர்களே, வாரியம் அட்டை தரும். நீதிமன்றம் ஆணை தரும். சங்கம் வேலை தரும். வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியவர் பெற்றவர். அவர்கள் திறப்பதற்குத் துணிவு தர வேண்டியவர் யார்? நாம்!

உங்கள் தெருவிலே அப்படி ஒரு வீடு இருக்கிறதா? பிள்ளையைப் பற்றி ஊர் அறிய ஒரு சொல்லும் உரைக்காதீர்கள்; அதை உரைக்கும் உரிமை அப்பிள்ளைக்கே உண்டு. பெற்றவரே மனம் திறந்தால் அமர்ந்து கேளுங்கள். "வெளியே அனுப்பாதீர்கள், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அப்பிள்ளை குடும்பத்தோடு வாழும் உரிமையை எழுதி வைத்தது" என்று எடுத்துரையுங்கள். "மருந்திலே மாற்றிவிடலாம்" என்று எவனாவது காசு பறிக்க வந்தால், 2021ஆம் ஆண்டிலே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய முயற்சிகளைத் தடை செய்ததைச் சொல்லுங்கள். அவர், தமக்கு இப்பொருளிலே தெளிவு போதாதென்று கூறி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்ற பிறகே ஆணையிட்டார். நீதிபதியே மாணவராகலாமென்றால் நாம் ஆகலாகாதா? காவலர் துன்புறுத்தினால், 2022இல் காவலர் நடத்தை விதிகளிலே அதற்குத் தடை சேர்க்கப்பட்டதை நினைவூட்டுங்கள். வாரிய அட்டைக்கு மாவட்டச் சமூக நல அலுவலகம் வரை உடன் செல்லுங்கள்.

அதோடு, அத்தாய்க்கு இன்னொரு தாயை அறிமுகம் செய்யுங்கள். இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள் 'ஸ்வீகார்' என்ற பெயரிலே ஒன்றுகூடியிருக்கிறார்கள். அழுத தாயைத் தேற்றும் வல்லமை, முன்னே அழுது தெளிந்த தாய்க்கு உண்டு.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நடுங்கும் அந்த வீட்டுக்கு நாம் நாலு பேராய்ச் செல்வோம். சென்று சொல்வோம்: "அம்மா, பிள்ளைக்குச் சோறு போடுங்கள். நாங்கள் கேட்டால் வாழ்த்துவோம். ஊர் கேட்டால் நாங்கள் பதில் சொல்வோம்!"